மாதா கிரீடத்து மூக்குத்திக் கல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு சின்ன நகைக்கடையில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்து, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்தபோது கிடைத்த வேலை. கடையில் முதலாளியும் நானும் மட்டும்தான். முதலாளி பேச்சுப் பிரியர். யாரும் வராத மத்தியான நேரங்களில் எதிர்க்கடைப் பூட்டைப் பார்த்துக்கூடப் பேசிக்கொண்டிருப்பார்.

அவருடைய மச்சான் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வைர டெஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த பேனா மாதிரி இருக்கும். நுனியில் ஊசிபோல் ஒரு முனை. பட்டனை அழுத்திவிட்டு, முனை சூடேறி விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கல்லின் மேல் நேராக வைத்து அழுத்தினால், வைரமாக இருந்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குகள் வரிசையாக ஏறிக் 'கீ' என்று கத்தும். கண்ணாடியோ வேறு வெள்ளைக் கல்லோ என்றால் முதல் விளக்கோடு நின்றுவிடும். வைரம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மற்றக் கல் இழுக்காது, அவ்வளவுதான் சங்கதி என்று மச்சான் விளக்கினார். முதலாளிக்கு அந்த விளக்கம் சப்பென்று இருந்தது. "கல்லு வாயத் தொறந்து பேசும்" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சாய்த்துப் பிடித்தாலும் முனை தங்கத்தில் பட்டாலும் அது தப்பாகக் காட்டும். முதலாளி பேசும்போது கையும் சேர்ந்து பேசும் என்பதால் டெஸ்டர் என் பொறுப்பில் வந்தது. ஃபேன் காற்றுகூட ஆகாது. நான் "ஃபேன நிப்பாட்டுங்க மொதலாளி" என்று சொன்னதும் கடைக்குள் எல்லோரும் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மூச்சைப் பிடித்து நிற்பார்கள். பந்தல்குடியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். சிலர் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று திரும்பவும் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்தான் விவரமானவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரையோடு நடக்க வேண்டிய ஊர். அங்கே ஒரு மாதா கோயில் உண்டு. மாதாவுக்கு ஒரு வெள்ளிக் கிரீடம். அதன் நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைக் கல். பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெரியம்மா ஒருவர் கொடுத்தது. அவர்கள் எங்களைப்போல் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. ஆனால் மகளுக்கு வந்த காய்ச்சல் எதற்கும் கேட்காமல் இழுத்துக்கொண்டே போனபோது மாதாவிடம் வந்து நேர்ந்துகொண்டு, மகள் எழுந்து உட்கார்ந்ததும் மூக்கில் கிடந்த வைர மூக்குத்தியைக் கழற்றி அப்போதைய பங்குச் சாமியார் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கல்தான் கிரீடத்தில் ஏறியது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது.

வைரக் கிரீடம் என்று பெயர் வந்ததும் மாதாவால் அதைச் சூடிக்கொண்டு நிம்மதியாக நிற்க முடியவில்லை. வருஷம் முழுவதும் கிரீடம் சாமியார் பங்களாவில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும். அந்த நாட்களில் ராத்திரிக் காவல் உண்டு. காவலுக்கு முதல் ஆளாக வருகிறவர் அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்காரர். மிளகாயும் பருத்தியும் போடுகிற நெட்டையான மனிதர். யாரும் கூப்பிடாமலே பாயும் கம்பும் டார்ச் லைட்டுமாக வந்துவிடுவார். வேதக்காரர் இல்லாவிட்டாலும் மாதா மேல் என்ன பக்தி பார் என்று எங்கள் ஊரில் அவரை மெச்சுவார்கள்.

அந்த வருஷம் புதிதாக வந்த சாமியார் பயந்த சுபாவம். வேறெங்கோ ஒரு கோயிலில் திருட்டுப் போனதாகக் கேள்விப்பட்டு, கிரீடத்தை டவுனில் பேங்க் லாக்கரில் வைத்துவிடலாமா என்று யோசித்தார். அதற்கு முன் கல்லைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் என்னிடம் கேட்டார். முதலாளியிடம் சொன்னேன். டெஸ்டரைத் தனியாக அனுப்ப முடியாது, தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடியே வந்தார். கண்டக்டர் பதறிப்போய், "அண்ணாச்சி, நெஞ்சு வலியா? வண்டிய ஓரங்கட்டவா?" என்று கேட்டார்.

பெரியம்மாவையும் மரியாதைக்கு வரச்சொல்லியிருந்தார் சாமியார். நல்ல சுங்கடிச் சேலை கட்டி, வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பெரியவர் சாமியார் பங்களாவுக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்து நிழலிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். பெரியம்மா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

டெஸ்டர் சூடேறியது. முனையைக் கல்லில் வைத்தேன். முதல் விளக்கு எரிந்து அங்கேயே நின்றது. சத்தம் இல்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதேதான்.

முதலாளி சமாளித்தார். கிரீடம் அதுவரை வெயில் விழுகிற மேஜையில் இருந்தது, கல் சூடாக இருந்தால் டெஸ்டர் குழம்பும் என்றார். அது உண்மையும்கூட. மண்பானை மேல் ஈரத்துணி விரித்து, அதன் மேல் ஒரு தட்டை வைத்துக் கிரீடத்தைக் குளிரவைத்தோம். அதுவரைக்கும் சாமியார் எல்லோருக்கும் டீ கொடுத்தார். யாரும் அதிகம் பேசவில்லை. முதலாளியே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் நன்றாகக் குளிர்ந்த பிறகு மறுபடி வைத்தேன். சத்தம் இல்லை. டெஸ்டரில்தான் கோளாறோ என்று முதலாளி தன் வைர மோதிரத்தை நீட்டினார். வைத்ததுமே 'கீ' என்று கத்தியது. எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

பெரியம்மா முதலாளியையும் கேட்கவில்லை, சாமியாரையும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"தாயி, நீ சொல்லு. வைரம் இல்லையா?"

"இல்ல பெரியம்மா."

சாமியார், மிஷின் என்றால் அப்படி இப்படி இருக்கும் என்று ஏதோ ஆரம்பித்தார். பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போய் நின்றார்.

"என்னங்க, செத்த இங்க வாங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். மேஜைப் பக்கமே பார்க்கவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார் பெரியம்மா.

எது என்று அவர் கேட்கவில்லை. "தெரியும்" என்றார்.

பிறகு நின்றபடியே சொன்னார். தங்கள் கல்யாணப் பேச்சின்போது பெண்ணுக்கு வைர மூக்குத்தி போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மழை கைவிட்டது. மதுரையில் ஒரு கடையில் இந்தக் கல்லைக் காட்டினார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நல்ல வெள்ளாமை ஒன்று வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல், நேர்ச்சை. சாமியார் கையில் மூக்குத்தியைக் கொடுத்தபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்திருக்கிறார். பெரியம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்து இவர் வாயை மூடிக்கொண்டார்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெறகு எதுக்கு வருசா வருசம் கம்பத் தூக்கிட்டு வந்து காவல் இருந்தீக?" என்றார்.

"நான் வரலைன்னா யாருக்காச்சும் சந்தேகம் வருமேன்னுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "பெறகு பழகிப்போச்சு. மாதா முன்னால படுத்தா நல்லாத் தூக்கம் வருது."

சாமியார்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் கிளம்பும்போது முகம் மாறிவிட்டது. மொபெட்டில் ஏறி, புருஷன் தோளைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். கல்லைக் கழற்றிவிடவா என்று சாமியார் கேட்டதற்கு, தான் சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

சில மாதங்கள் பேச்சுவார்த்தை இல்லையாம். சோறு மட்டும் நேரத்துக்கு வந்ததாம். இதைப் பெரியவரே பிற்பாடு கடைக்கு வந்தபோது முதலாளியிடம் சொன்னார். அந்த வருஷம் மிளகாய் நன்றாக விளைந்திருந்தது. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒற்றைக்கல் வைரம் வேண்டும், மாதா கிரீடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

முதலாளி கல்லை எடுத்து வைத்தார். பெரியம்மா டெஸ்டரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எங்கே பிடிக்க வேண்டும், எப்படி அழுத்த வேண்டும் என்று கேட்டு, ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே வைத்துப் பார்த்தார். விளக்கெல்லாம் ஏறிக் கத்தியது. மறுபடியும் வைத்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

"இத மூக்குத்தியாச் செஞ்சு குடுங்க" என்றார்.

பெரியவருக்குப் புரியவில்லை. "மாதாவுக்குன்னுல்ல வந்தோம்?"

"கல்லப் பாத்தா அவுக காய்ச்சலக் கொணமாக்குனாக? அவுகளுக்கு அதுவே போதும். எனக்குத்தான வாக்குக் குடுத்தீக? எனக்குப் போடுங்க."

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூக்குத்தி செய்து வந்த அன்று பெரியம்மா கடைக் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பெரியவர் மிக்சர் பொட்டலம் வாங்கிவந்து எனக்கும் கொடுத்தார். பிறகு திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் கிளம்பினார்கள்.

லாக்கர் யோசனையைச் சாமியார் கைவிட்டார். அந்த வருஷத்திலிருந்து மாதா தினமும் கிரீடத்தோடுதான் நிற்கிறார். முதலாளி இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கதையில் பெரியவர் ஆளே காணாமல் போய், அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு நகைக்கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கல்லைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஆகியிருந்தது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன்.