எட்டு மணிச் சோறும் அரிசி டிரம்மும்

நான் இருக்கும் மாடிக்குக் கீழே குடியிருக்கும் பிர்கிட் வீட்டுச் சமையலறையில் ஒரு ரொட்டி டப்பா இருக்கிறது. தகர டப்பா, மூடியில் பூப்போட்டது. மாலை ஆறு மணிக்கு மேசையில் தட்டு வைத்ததும் அந்த வீட்டு ஆட்கள் நாலு பேரும் வந்து அவரவர் செல்போனை அதற்குள் போட்டு மூடுகிறார்கள். ரொட்டி வெளியே காகிதப் பையில் கிடக்கிறது. நான் ஜெர்மனி வந்த புதிதில் பிர்கிட் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, அந்த டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று உள்ளே கையை விட்டேன். நாலு போன். "உன்னுடையதும்" என்றாள். முடியாது என்றேன். "என் மகள் இதில் இருக்கிறாள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். போனுக்குள் படம் வைத்திருக்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டு, "படம் எங்கேயும் ஓடிவிடாது" என்று சிரித்தாள். வந்ததே எனக்குக் கோபம்! போனை மடியில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டு, அவள் வைத்த உருளைக்கிழங்கைத் தின்றேன். பிள்ளை பக்கத்து அறையில் தூங்குகிறவளுக்கு என் வலி என்ன தெரியும் என்று திட்டிக்கொண்டே படியேறினேன்.

நான் நர்ஸ். பிறந்தது பொழிச்சலூர், வாழ்க்கைப்பட்டது செம்பாக்கம். முதியோர் இல்லத்து வேலைக்கு இங்கே வந்தபோது என் மகள் ஜெனிக்கு நாலு வயது. மொழித் தேர்வு முடியட்டும், நல்ல வீடு கிடைக்கட்டும், அப்பாவும் மகளும் வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். தேர்வு முடிந்தது, வீடும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் அவருக்கு வாடிக்கையாளர்கள். "அங்க வந்து நான் யாருக்குடி ஏசி மாட்டுவேன்?" என்று கேட்பார். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஸ்கூல் விட்டதும் ஜெனியைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டில் இருக்கும் ஸ்டெல்லா அண்ணி, அவருடைய அக்கா.

நான் கிளம்பிய முதல் வாரம் ஜெனி சோறே தின்னவில்லை. என் வீட்டுக்காரர் பதறிப்போய் வீடியோ கால் போட்டார். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்தார். நான் இங்கிருந்து, "அம்மாவைப் பாரு, ஆ காட்டு" என்றேன். பிள்ளை என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, அவர் ஒரு வாய் வைத்தார். தட்டு காலியானது. அன்று நான் அழுத அழுகை சந்தோஷத்தில் அழுதது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். செம்பாக்கத்தில் இரவு எட்டு என்றால் இங்கே மாலை நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பௌஸே, அதாவது இடைவேளை, வேண்டும். இல்லத்தில் எங்கள் தளத்துக்குப் பொறுப்பாளரும் அதே பிர்கிட்தான். அவளிடம் போய், "இருபது நிமிஷம் வேண்டும், என் பிள்ளைக்குச் சோறு ஊட்டணும்" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "பிள்ளை எங்கே?" என்றாள். போன் இருந்த உடைமாற்றும் அறையைக் காட்டினேன். அவ்வளவுதான், ஓடினாள். அங்கிருந்த அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள்! நான் பின்னாலேயே ஓடிப்போய் போனை எடுத்துக் கால் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஜெனியைக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு "ஆஹ் ஸோ", ஓ அப்படியா, என்றாள். இருபது நிமிஷம் கொடுத்தாள். ஆறு வருஷமாக அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஏழு கடல் தாண்டி இருந்தும் என் பிள்ளைக்கு நான்தான் ஊட்டுகிறேன் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்! இங்கே வந்து சேரும் புது நர்ஸ் பெண்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். சொம்பில் சாய்த்து வை, முகம் நேராகத் தெரியும் என்று. எத்தனை வீட்டில் எத்தனை சொம்பு இன்றைக்கும் நிற்கிறதோ தெரியாது.

இந்த வருஷம் ஆறு வாரம் லீவு போட்டு மே மாதத்தில் ஊருக்குப் போனேன். இதற்கு முன் இரண்டு தடவை போனது கிறிஸ்துமஸ் கூட்டத்தில். வீடு நிறைய ஆட்கள், ஆளாளுக்கு ஊட்டினார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை முதல் நாள் இரவு நானே வஞ்சிரம் மீன் குழம்பு வைத்து, ஜெனிக்கு எதிரே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வயது, என் தோள் உயரம். அவள் சொம்பை இழுத்து முன்னால் வைத்தாள். அப்பாவின் போனை அதன்மேல் சாய்த்தாள். எவளோ ஒருத்தி பொம்மைக்கு மேக்கப் போடுகிற வீடியோ. இடது கை விரலால் தள்ளிக்கொண்டே வலது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். தட்டைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "ஜெனி, அம்மா இங்க இருக்கேன்டி" என்றேன். "ம்" என்றாள்.

"இது எப்பலேர்ந்துங்க?" என்று அவரைக் கேட்டேன். "உன் கால் முடிஞ்சதும் அப்படியே வீடியோ போட்டுக்குவா. நீ நைட் டூட்டியில பகல்ல தூங்கிடற அன்னிக்கும் வீடியோதான். இல்லேன்னா ஒரு வாய் உள்ள போகாது" என்றார், என்னமோ பல் தேய்க்கும் பழக்கத்தைச் சொல்வதுபோல. நான் போனைப் பிடுங்கினேன். ஜெனி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெல்லவில்லை, விழுங்கவில்லை. கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர். பத்து நிமிஷம் கழித்து எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினாள். எனக்குத் தலைக்கு ஏறியது. வீட்டில் யாரைத் திட்டாமல் விட்டேன்? ஸ்டெல்லா அண்ணி மேலே வந்தார். "இன்னா எஸ்தரு, வந்ததும் வராததுமா பொண்ணை பேஜார் பண்ற? தம்பி வேலைக்குப் போவுது, நானும் என் வேலையப் பாக்கணும். போன் குட்தா அது சும்மா கீது. நீ இன்னா, ஆறு வாரத்துல பறந்துடுவ" என்றார். அவர்மேலும் கோபப்பட்டேன்.

கோபம் என்றால் சின்னக் கோபம் இல்லை. ஸ்கூல் மேல் கோபம். புத்தக மூட்டையைப் பிள்ளை முதுகில் ஏற்றிவிட்டு, வீட்டுப்பாடத்தை மட்டும் வகுப்புக் குரூப்பில் போனுக்கு அனுப்புகிறார்கள், பிறகு அவர்களே கூட்டம் போட்டு போனைக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் மேல் கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. பந்தியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொரு வாட்டர் பாட்டில்மேலும் ஒரு போன் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் அம்மாக்கள் பிரியாணியைப் பிசைந்து திணித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறந்தநாள் பிள்ளையின் முன்னாலும் ஒன்று. "எங்க பையன் போன் இல்லாம ஒரு வாய் தொட மாட்டான், ரெண்டு வயசுல லாக்கை அவனே எடுத்துட்டான்" என்றாள் ஒருத்தி. "அதை ஏங்க மெடல் வாங்கின மாதிரி சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. "ஃபாரின்ல இருக்கிற அம்மாவுக்கு ஈஸியா வருது அட்வைஸ்" என்று பின்னால் எவளோ சொன்னாள். அண்ணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

மூன்று நாள் பிடிவாதம் பிடித்தேன். போன் கிடையாது, சோறு தட்டில் இருக்கும், பசித்தால் தின்னட்டும். ஜெனி காலையில் பிஸ்கட், மத்தியானம் பால், ராத்திரி ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் இரவு தட்டின் முன் உட்கார்ந்து வெகுநேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு என் முந்தானையைத் தொட்டு, யாருக்கும் கேட்காமல், "அம்மா, நீ பெட்ரூம் போய் எனக்கு கால் பண்றியா? சாப்டுடறேன்" என்றாள்.

நான் போனேன். என்ன செய்ய, மூன்று நாள் பட்டினி கிடந்த பிள்ளை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கால் போட்டேன். ஹாலில் அவள் சொம்பைச் சரி செய்வது கேட்டது. என் முகம் வந்ததும் ஜெனி சிரித்தாள், வந்து ஐந்து நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆ காட்டு" என்றேன். என் குரல் ஹாலில் கேட்டது. அவள் மென்று விழுங்கும் சத்தம் போனிலும் வந்தது, கதவு வழியாகவும் வந்தது. தட்டு காலி. அவ்வளவு நாளும் ஊர்மேல், உலகத்துமேல் வந்த கோபமெல்லாம் அந்தக் கட்டிலில் என்மேல் வந்து விழுந்தது. போனை வைத்து ஊட்டப் பழக்கினது ஸ்கூலும் இல்லை, அண்ணியும் இல்லை. நான்தான். அடிப்பாவி எஸ்தரே, ஆறு வருஷமாக உன் ஏக்கத்துக்கு அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்க வைத்தாயே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

மறுநாள் பிர்கிட்டின் ரொட்டி டப்பா ஞாபகம் வந்தது. நம் வீட்டில் ஏது ரொட்டி டப்பா, அரிசி டிரம்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு முதலில் என் போனை அதற்குள் போட்டேன். பிறகு அவருடைய போனுக்குக் கை நீட்டினேன். "மே மாசம்டி! ஏசி சீசன்!" என்று அலறினார். அரை மணி நேரம்தான், பெரியவங்க போடலேன்னா அவ மட்டும் ஏன் போடணும் என்றேன். முனகிக்கொண்டே போட்டார். அன்றைக்கென்று பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இதற்கு நடுவில் அண்ணி அரிசி எடுக்க வந்து டிரம்மைத் திறந்துவிட்டு, "அய்யய்யோ, ரெண்டு போனுமா தண்ணீல வுழுந்துச்சு?" என்று கத்தினார். நனைந்த போனை அரிசியில் போட்டு உலர்த்துவது எங்கள் பக்கத்து வைத்தியம். வேறு எதற்காகப் போனை அரிசியில் போடுவார்கள் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதல் வாரம் நரகம். ஜெனி சுவரைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், "போர் அடிக்குது" என்றாள், அழுதாள், பாதித் தட்டோடு எழுந்தாள். நானும் கத்தினேன். பொறுமையாக இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போன் வேண்டும் என்று என் கையே டிரம் பக்கம் போனது. இரண்டாவது வாரம் ஒருநாள் அவள் மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இது இன்னாம்மா, வழவழன்னு?" என்றாள். வெண்டைக்காய் பொரியல். ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள், மூளைக்கு நல்லது என்று நான் ஜெர்மனியிலிருந்து சொல்லிச் சொல்லிப் போட வைத்த வெண்டைக்காய். "தினம் சாப்பிடுவியே" என்றேன். "இதுவா? எனக்கு இது பிடிக்கவே இல்லம்மா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே என் பிள்ளை வளர்ந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு பேச்சு வந்தது. கத்தரிக்காய் பிடிக்கும், பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவளைப் பிடிக்காது, அந்தப் பெண் இவளைக் குண்டு என்று கூப்பிடுகிறாள், ஒரு வருஷமாகக் கூப்பிடுகிறாள். "என்கிட்ட ஏன்டி சொல்லலை, தினம் பேசினோமே?" என்று கேட்டேன். "நீ சாப்டு சாப்டுன்னுதானே சொல்லுவே" என்றாள். உண்மைதான். நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எட்டு மணிக்கு அவளே என் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் போய் டிரம்மில் போட்டாள். திரும்பி வந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அங்க போனதும் எட்டு மணிக்கு கால் பண்ணாத. போன் உள்ள இருக்கும். ஒன்பது மணிக்குப் பண்ணு, நான் பேசறேன்" என்றாள். சரி என்றேன். நான்தானே கேட்டேன் இதை!

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. பிர்கிட்டிடம் டிரம் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, தன் மகன் பழைய டேப்லெட்டைக் கழிவறையில் ஒளித்து வைத்திருந்ததைப் போன வாரம்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். எல்லா ஊரிலும் எல்லாம் இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. ஆனால் நாலரை மணி மட்டும் என்னை விடுவதில்லை. பௌஸே என் பெயரில் இன்னும் இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போனின் கறுத்த திரையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். "இன்றைக்குப் பிள்ளைக்கு ஊட்டவில்லையா?" என்று பிர்கிட் கேட்டாள். "அவளே சாப்பிடுகிறாள்" என்றேன். "அப்போ நல்லது" என்றாள். நல்லதுதான்.

போன வெள்ளிக்கிழமை தாங்க முடியவில்லை. நாலரைக்கு, சொன்ன சொல்லை மறந்து, கால் போட்டுவிட்டேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. பெற்றவள் கூப்பிடுகிறேன், எடுக்க ஒரு கை இல்லையா அந்த வீட்டில் என்று அங்கேயே உட்கார்ந்து தமிழில் திட்டினேன். அங்கே ஒன்பது மணி ஆனதும் அவர் கூப்பிட்டார். "டிரம்முக்குள்ள நீதான் அடிச்சேன்னு ரிங்டோன்லயே தெரிஞ்சுது எஸ்தர். எடுக்கப் போனேன். ஜெனி மூடிமேல கையை வெச்சுக்கிட்டு விடலை. அம்மா அரிசிக்குள்ள இருக்கட்டும்பா, சாப்டு முடிச்சுட்டு எடுத்துக்கலாம்னு சொல்லிட்டா."

"தட்டைக் காலி பண்ணினாளா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டா" என்றார்.