ஆயுத பூஜை அன்று ஆன் ஆன கம்ப்யூட்டர்

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். முதலாளி தணிகாசலம் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"நைனா, சிடி ட்ரே தானா தொறக்குது, தானா மூடுது. மௌஸ் அதுபாட்டுக்கு ஓடுது. நேத்து மூணு டிராயிங்கக் காணோம். வேற யாரு? மும்தாஜ்தான்."

மும்தாஜ் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண். டிராயிங் போடுவது, ஈ-மெயில் அனுப்புவது எல்லாம் அவள்தான். சாயங்காலம் போலீசுக்குப் போவேன் என்று எல்லோர் முன்னாலும் அவளை மிரட்டியிருந்தார். வேலை போவது ஒரு பக்கம்... திருடி என்ற பேரோடு போனால் இந்த எஸ்டேட்டில் எவன் உள்ளே விடுவான்?

"ட்ரே தொறந்தப்போ நான் வாசல்ல டீ குடிச்சுட்டிருந்தேண்ணே," என்றாள். "அப்பவும் நான்தான்னாரு. டீ கிளாஸ்லேர்ந்து தொறந்துட்டேன் போல."

நம் ஆட்களுக்கு ஒரு புத்தி. மெஷின் மக்கர் பண்ணினால் மெஷினைப் பார்க்க மாட்டோம். இருப்பதிலேயே சம்பளம் குறைந்த ஆள் யார் என்று பார்ப்போம்.

நான் மெஷினைப் பார்த்தேன். மோடத்தைப் போட்டு, யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அதையே கேட்டேன். ஈ-மெயில்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் ஒரு வழி வெளியே திறந்து கிடந்தது.

இந்த ரகத் திருட்டு புரோகிராமில் எனக்கு இது மூன்றாவது. ஆவடியில் ஒன்று, பட்டாபிராமில் ஒன்று பார்த்தாயிற்று. பேர்தான் வேறு, செய்வது ஒரே அயோக்கியத்தனம். ஒரு பாதி நம் மெஷினில். மறு பாதி எங்கேயோ உட்கார்ந்திருக்கும் வெட்டிப்பயல் கையில். நம்மிடம் இருப்பது சிஸ்டம் ஃபைல்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் எழுந்திருக்க ஒரு வரி எழுதி வைக்கும். நெட் வந்ததும் வழியைத் திறந்து காத்திருக்கும். அங்கே அவன் பட்டனை அமுக்கினால் இங்கே ட்ரே திறக்கும், மௌஸ் ஓடும், ஃபைல் அழியும்.

ஆனால் வைரஸ் மாதிரி இது தானாகப் பரவாது. உள்ளே இருக்கிற யாராவது ஒரு தடவை கையால் ஓட்டிவிட வேண்டும்.

யார் அது? முதலாளி மும்தாஜைப் பார்த்தார். நான் அந்தத் திருட்டு ஃபைல் உள்ளே வந்த தேதியைப் பார்த்தேன்.

ஆயுத பூஜை. மாலை ஐந்தே கால்.

பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை தொடக் கூடாது. போன வருஷம் டிரில்லிங் மெஷினைத் தொட்ட ஒருவனை இவர் அறைந்தது எஸ்டேட்டுக்கே தெரியும்.

"அன்னிக்கு சாயங்காலம் யாரு இருந்தா?"

"எவனும் இல்ல நைனா. மத்தியானமே பொரி குடுத்து அனுப்பிட்டேன். ஷட்டர் சாவி என்கிட்டதான்..."

இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விஷயத்தைக் கக்கினார்.

பொண்ணுக்கு வரன் வந்திருந்ததாம். சிநேகிதர் ஒருவர் ஜாதகம் பார்க்கிற சாஃப்ட்வேரைக் காப்பி அடித்து சிடியில் கொடுத்தாராம். அன்றே திருப்பித் தர வேண்டுமாம்.

"ஒரே ஒரு தபா போட்டேன். நல்ல நாளாச்சேன்னு..."

ஜாதகத்தோடு சேர்ந்து இந்தச் சனியனும் உள்ளே வந்துவிட்டது.

"எத்தனை பொருத்தம் சார் வந்துச்சு?" என்றாள் மும்தாஜ்.

"எட்டு," என்றார், வாய் தவறி.

அரை மணியில் அதைப் பிடுங்கிப் போட்டேன். காணாமல் போன டிராயிங்குகளை மும்தாஜ் ஏற்கெனவே ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். திருடியாம்!

"சரி சரி, போய் வேலையப் பாரு," என்றார் முதலாளி.

அவள் அசையவில்லை. "போலீஸ்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. நான் எடுக்கலைன்னும் எல்லார் எதிர்லயும் சொல்லுங்க சார்."

பட்டறைக்குள் போனார். ஏதோ முணுமுணுத்தார். லேத் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"மெஷின நிறுத்தச் சொல்லிட்டு சொல்லுங்க."

லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி தொண்டையைக் கனைத்தார். வேட்டியைச் சரி செய்தார். மறுபடியும் கனைத்தார்...

கம்ப்யூட்டரை நான் ரிப்பேர் செய்த நேரத்தைவிட, அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.