செல்வி அக்காவின் பாலும் என் கருவியும்

பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதா என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். பெருமை தாங்காமல், இன்று காலை பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கே அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வரிசையில் முதலில் நின்றவர் அடுத்த வீட்டுச் செல்வி அக்கா. அவர் பாலில் மருந்து இருப்பதாகக் கருவி காட்டியது.

“எங்க மாட்டுக்கு ஊசியே போடல்ல மக்கா.”

“எக்கா, மெஷின் பொய் சொல்லாது” என்றேன், எல்லோரும் கேட்கும்படி.

அவர் கொண்டுவந்த பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த ஆளின் பாலிலும் மருந்து காட்டியது. சந்தேகப்பட்டுக் குடிதண்ணீரை வைத்துப் பார்த்தேன். அதிலும் மருந்து!

நான் கருவிப் பெட்டியின் மூடியைச் சரியாக அடைக்கவில்லை. உள்ளிருக்கும் விளக்கின் வெளிச்சம் மட்டும் விழ வேண்டிய இடத்தில் காலை வெயிலும் விழுந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்க அக்கா வீட்டுக்கு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் சாயா போட்டுத் தந்தார்.

“எங்க மாட்டுப் பாலாக்கும். பேடிக்காம குடி, ஒரு பயமும் வேண்டாம்.”

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

நாளைக் காலை அதே வரிசையின் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். கூட வர யாராவது உண்டா? மெஷினைக் கொண்டுவர மாட்டேன்.