ஏழு புத்தகங்களோடு போன தங்கச்சி

ஓகஸ்ட் 19, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெளியே பதினாறு பாகை, மெல்லிய தூறல். கியூபெக் நகருக்குப் பஸ் எட்டரைக்கு. மொன்றியலின் சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தங்கச்சியின் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் இருபத்தொரு தமிழ்ப் புத்தகங்கள். ஐம்பத்தெட்டு வயதில் கல்லூரிக்குப் புறப்பட்ட என் ஒரே சகோதரியை நினைத்தால் அந்தக் காலைதான் முதலில் வருகிறது.

"இருவத்திமூண்டு கிலோவுக்கு மேல போகுது. ஏழு காணும்," என்றேன். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவன் நான்.

"அண்ணை, இது பஸ். பிளேன் இல்லை. பென்சன் எடுக்கேக்கை அந்தத் தராசை அங்கையே விட்டிட்டு வந்திருக்கலாம்."

"மிச்சத்தைப் பேந்து வந்து எடுக்கலாம்தானே."

தங்கச்சி கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்கு வெளியே வைத்தார். "ஓம், வாறன்," என்றார். பதினான்கை அலுமாரியில் திருப்பி அடுக்கினார்.

தங்கச்சி மன்னாரில் பிறந்தவர். உயர்தர வகுப்பில் படிக்கையில் இடம்பெயர்ந்தோம். வீட்டில் விட்டுவந்த அவரது புத்தகங்கள் முப்பத்தாறு. படிப்பும் அதோடு நின்றது. அதன்பின் எங்கே புறப்பட்டாலும் புத்தகங்களைத்தான் முதலில் கட்டுவார். இங்கே மாத்திரை பொதி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடி வேலை செய்தார். என் மனைவி காலமான பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். தொழிற்சாலை மூடப்பட்டதும் மருந்தகப் படிப்புக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது கியூபெக் நகரில்.

பஸ்ஸில் தராசு இல்லை என்பது எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் கொண்டுபோனால் திரும்பி வரக் காரணம் இராதே என்று பயந்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தார். ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப்போவார். இருபத்தேழு தடவை. மூன்று மணி நேரப் பயணம் பனியில் ஐந்தரையானதும் உண்டு. கடைசியாக வந்தபோது காய்ச்சலோடு, புத்தகமில்லாமல் வந்தார், திரும்பிப் போகவில்லை. வைத்தியசாலையில் பத்தொன்பது நாட்கள். கண்மூடுவதற்கு முதல்நாள், "அண்ணை, ஏழு அங்க கிடக்கு. மறந்திடாதேங்கோ," என்றார்.

அந்தப் பத்தொன்பது நாளும் லவாலிலிருந்து கஞ்சி கொண்டுவந்த அவரது தோழிக்கும், தாதியருக்கும், இந்த ஓராண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் பங்குமக்களுக்கும் உறவினருக்கும் கைகூப்புகிறேன்.

அடக்கம் முடிந்த மறுகிழமை கியூபெக் நகரில் அவரது அறைக்குப் போனேன். ஏழு புத்தகங்களிலும் பஸ் டிக்கெட் பக்க அடையாளமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மற்றப் பதினான்கையும் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டிய டிக்கெட் ஒன்றுமில்லை. பாடப் புத்தகங்களுக்கே நேரம் போதாதவர், இவற்றைச் சுமந்து வந்து போயிருக்கிறார்.

அந்த ஏழையும் பெட்டியில் வைத்துக் கொண்டு திரும்பிய அன்று, பெட்டியைப் பஸ்ஸின் அடியில் வைக்கலாம், அதற்குத் தனிக் காசில்லை என்று சாரதி பிரெஞ்சில் சொன்னார். வேண்டாம் என்றேன். யன்னலோர இருக்கையில் அதை வைத்து, பக்கத்தில் நான் இருந்தேன். மொன்றியலுக்கு இரண்டு டிக்கெட், நூற்றிருபத்திரண்டு டொலர் நாற்பது சதம்.