கந்தசஷ்டியில் பூனைக்கு மீன்

பூனைக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறேன் என்றபோது நாங்கள் இருக்கும் கிரான்பர்னில் தெரிந்த சனத்தில் சிரிக்காத ஆளில்லை. "பேசாமல் ஊசியைப் போட்டு முடிச்சுவிடும்" என்றார் ஒரு அங்கிள். "ஊசிதான் போடப்போறன் அங்கிள், ஆனால் சாகிறதுக்கில்லை" என்றேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. தைராய்டு கண்டபடி சுரந்ததால் தின்னத் தின்ன மெலிந்தாள். மடியில் வைத்தால் நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓடியது. மாத்திரை கொடுத்தால் வாந்தி. மிச்சமிருந்தது இந்த ஊசி ஒன்றுதான். அது கெட்டுப்போன சதையை மட்டும் எரித்துவிடும். ஆனால் உடம்பில் கதிர் அடங்கும்வரை, ஒரு வாரமளவு, கிளினிக்கில் தனியறையில் அடைத்து வைப்பார்கள். நாங்கள் போய்ப் பார்க்க முடியாது. உள்ளே போன துணியும் கோப்பையும் திரும்பி வராது.

நான் இந்த நாட்டுக்குத் தனியாக வந்தவள். விசா இழுபட்டு இவர் வந்து சேரும்வரை நான் வீட்டில் தமிழில் கதைத்தது அவளோடு மட்டும்தான். அவளைச் சாகவிட எனக்கு மனமில்லை. அதற்கு மேல் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல நான் கடமைப்படவில்லை.

கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, என்ன சாப்பிடுவாள் என்று நர்ஸ் கேட்டாள். நான் வாய் திறக்க முன் இவர் முந்திக்கொண்டு, கடையில் வாங்கும் பூனை பிஸ்கட் என்று இங்கிலிஷில் அடித்துவிட்டார். பச்சைப் பொய். சோறும் அவித்த மீனும்தான் அவளுக்குச் சாப்பாடு, அதுவும் நான் கையால் குழைத்து உருண்டையாக வைத்தால்தான். நான் திருத்துவதற்குள் நர்ஸ் கூடையோடு உள்ளே போய்விட்டாள். காரில் ஏறியதும் இவரைப் பிடித்தேன்.

"பூனைக்குச் சோறு குழைச்சுத் தீத்திறம் எண்டு வெள்ளைக்காரருக்கு முன்னால சொல்லச் சொல்லுறீரோ? பசிச்சால் தின்னும்தானே."

தின்னவில்லை. மூன்றாம் நாள் டொக்டர் போன் எடுத்தார். எதை வைத்தாலும் முகத்தைத் திருப்புகிறாளாம். இப்படியே பட்டினி கிடந்தால் ஈரல் பழுதாகிவிடும், கதிர் அடங்காமல் வீட்டுக்கும் விட முடியாது என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அப்படியானால் அதையே கொண்டு வாருங்கள், சாப்பிட்டால் போதும் என்றார்.

வீட்டிலோ கந்தசஷ்டி. இவரின் தமக்கை, என் மச்சாள், எங்களோடு விரதம் இருக்கவென்று சிட்னியிலுள்ள கிரவீனிலிருந்து வந்திருந்தா. வந்த கையோடு குசினியைக் கழுவித் துடைத்து, மீன் சமைக்கும் மச்சச் சட்டியைப் பேப்பரில் சுற்றிக் கராஜில் போட்டிருந்தா. நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். மற்றக் கையில் ஃப்ரீசரில் இருந்த மீன்.

"என்ன செய்யிறாய்?"

"மீன் அவிக்கிறன் மச்சாள்."

"விரத வீட்டிலயோ? சூரன்போர் முடியட்டும்."

"அதுக்கிடையில அவள் செத்துப்போவாள்."

"ஒரு பூனைக்காக முருகனோட கொழுவுறியே?"

"முருகன் என்னோட கொழுவமாட்டார். நீங்கள்தான் கொழுவுறியள்."

இவர் நடுவில் புகுந்து, பின்வளவில் பார்பிகியூ அடுப்பில் அவிக்கலாமே என்றார்.

"ஒளிச்சுச் சமைக்க நானென்ன களவே எடுக்கிறன்? என்ர குசினியிலதான் அவிப்பன்."

உப்பில்லாமல், வெங்காயமில்லாமல் அவித்தேன். வாசம் வீடு முழுக்கப் பரவியது. மச்சாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. விரதம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. சோறு வேறு, மீன் வேறாகக் கட்டிக்கொண்டு இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வரவேற்பு மேசையிலேயே சோற்றையும் மீனையும் பிசைந்து காட்டினேன். விரல் நுனியால் முள் தேடு, மசி, உருட்டு. வைக்கும்போது "சாப்பிடு குஞ்சு" என்று சொல்லவேண்டும் என்றேன். நர்ஸ் கையுறையோடு ஓர் உருண்டை பிடித்தாள். "சாப்பிடு குஞ்சு" என்று அவள் சொல்லிப் பழகியபோது இவர் கார்ச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை.

பின்னேரம் போன் வந்தது. நான் பிடித்தது, நர்ஸ் பிடித்தது, இரண்டு உருண்டையையும் தின்றுவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் வீடு வரும்வரை தினமும் மீன் அவித்தேன்.

கூட்டிவரப் போன அன்று, மீட்டர் ஒன்றைப் பிடித்துப் பார்த்து, கதிர் போதுமான அளவு குறைந்துவிட்டது என்றார்கள். இன்னும் இரண்டு கிழமைக்கு மடியில் படுக்க விடக்கூடாது. டொக்டர் கம்பியூட்டரில் எதையோ தட்டிவிட்டு, வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

"சோறும் மீனும்" என்றார் இங்கிலிஷில், வாய்க்குள்.

"கையால."

"கையால் குழைத்து" என்றார், இந்தமுறை எல்லோருக்கும் கேட்க.