வாசலில் நின்ற இரண்டு மணி நேரம்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருட வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடலாம்" என்று நாளெல்லாம் சொல்வாள். ஒரு நோயாளி போய் அடுத்தவர் படுப்பதற்குள் மகளுக்கு ஒரு போன். "எங்க இருக்க? யார் கூட இருக்க? எடுக்க ஏன் இவ்வளவு நேரம்?"

மகளுக்கு ஆறு வயதானபோது, பல்பு வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போன கணவன் திரும்பவே இல்லை. உயிரோடுதான் இருக்கிறான், வேறு குடும்பத்தோடு. அன்றிலிருந்து கண்ணில் படாத எதையும் அவள் நம்புவதில்லை.

மகளுக்கு இப்போது பதினைந்து. இருப்பது ஒரே சிநேகிதி. தடித்த கண்ணாடி போடுவதால் வகுப்பில் அந்தச் சிநேகிதிக்குச் சோடாபுட்டி என்று பெயர்.

ஒரு சனிக்கிழமை மதியம் சோடாபுட்டியின் அம்மா போன் செய்தாள். "தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு ரெண்டு மணி நேரமா எங்க வாசல்ல நிக்கிறா. எங்க பொண்ணு கதவைத் திறக்க விடமாட்டேங்குறா. கொஞ்சம் வர்றீங்களா?"

எக்ஸ்ரே அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் மகள் போனில் "டியூஷன்ல இருக்கேன்மா" என்றிருந்தாள். மெஷினைப் பக்கத்து அறைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

வெயிலில் முகம் கன்றிப்போய் நின்றாள் மகள். "வாடி வீட்டுக்கு" என்றாள் அம்மா.

"அவ வெளிய வரட்டும். ஏன் பதில் போடலன்னு சொல்லட்டும். அப்புறம் வரேன்."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "நேத்து மட்டும் நாப்பத்தி மூணு மெசேஜ்!" என்று சோடாபுட்டி கத்தினாள். "குளிக்கப் போனாக்கூட உன்கிட்ட சொல்லிட்டுப் போகணுமா? வேற யார்கிட்டயாவது பேசினா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குற. என்னால முடியலடி!" ஜன்னல் மூடிக்கொண்டது.

எக்ஸ்ரே அக்கா மகளின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். எங்க இருக்க. யார் கூட இருக்க. எடுக்க ஏன் இவ்வளவு நேரம். வரிசையாக, எழுத்துப் பிசகாமல், எல்லாம் அவளே மகளிடம் கேட்கும் கேள்விகள்.

"இப்படிக் கேட்டா யாருடி..." என்று ஆரம்பித்தாள்.

"பாசம் இருக்கிறவங்கதான் கேப்பாங்கன்னு நீதானே சொன்ன?"

திங்கட்கிழமை எக்ஸ்ரே அக்கா தன் போனை மருத்துவமனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். மதியம் ஒரு தடவைதான் கூப்பிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். கை ஓடவில்லை. வலது முழங்கால் படத்தில் இடது என்று அடையாளம் வைத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் மகள் அதற்கு மேல். "ஏன் ஒரு தடவைக்கு மேல கூப்பிடல? நீயும் என்னை விட்டுட்டுப் போகப்போறியா?"

"கூப்பிடாத நாளும் வீட்டுக்குத்தான்டி வருவேன்."

மகள் நம்பவில்லை. அம்மாவும் நடுநடுவே பழைய வழக்கத்துக்குத் திரும்பினாள். ஒரு நாள் ஏழு தடவை கூப்பிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

சோடாபுட்டி மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் பழையபடி இல்லை. அவளுக்கு வேறு இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் மகளுக்கும் இடம் விட்டார்கள். மகள் அவர்களோடு இரண்டு முறை சண்டை போட்டாள், மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கப் போன ஒரு நாள், ஐந்து மணிக்கு வருகிறேன் என்ற மகளை ஐந்தே முக்காலுக்கும் காணவில்லை. எக்ஸ்ரே அக்கா பால்கனியில் நின்றாள். விரல் போனில் மகள் பெயர்மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஆறு மணிக்குத் தெருமுனையில் நான்கு பெண்கள் திரும்பினார்கள். மகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள். பால்கனியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.