தளும்ப ஊற்றிய பேட்டரி

என் மருமகனுக்குக் கடல் ஆகாது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும், படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற மனிதர். "மாப்ள மீன் புடிக்கப் போவல, மீனுக்குத் தீனி போடப் போறாரு" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அதனால்தான் ஒரு பழைய காரை வாங்கி, பிள்ளைச்சாவடியிலிருந்து சேதராப்பட்டு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகிறார். கார் நின்றுபோனால் மறுபடியும் அவருடைய அண்ணன் படகுதான்.

ஒரு நாள் காலை கார் கிளம்பவே இல்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது.

"கடக்காத்து உப்புதான் மாப்ள" என்று முந்தானையால் துடைக்கக் குனிந்தேன்.

"கைய வெக்காத ஆயா! அது ஆசிட்டு, வெந்துடும்!" என்று கத்திக்கொண்டே தன் வண்டியிலிருந்து இறங்கினார் மெக்கானிக்.

கையுறை மாட்டி, முதலில் கறுப்பு வயரையும் பிறகு சிவப்பு வயரையும் கழற்றினார். பேட்டரியின் மூடிகளை இறுக்கினார்.

"ஆப்ப சோடா இருக்கா ஆயா?"

"ஏன், ஆப்பம் சுட்டாத்தான் வேல செய்வியா?"

"பேட்டரிக்கு ஆயா!"

சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்தது. அடங்கியதும் பழைய பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். பேட்டரிக்கு அடியிலிருந்த தகடு லேசாக அரித்திருந்தது. மருமகன் முகம் செத்துப்போனது.

"பேட்டரி போயிடுச்சாண்ணே?"

"இல்ல, தப்பிச்சிடுச்சி. தண்ணிய தளும்ப ஊத்திருக்கீங்க, பொங்கி வழிஞ்சிருக்கு. இந்தக் கோட்டோட நிறுத்தணும். யாரு இப்பிடி ஊத்தச் சொன்னது?"

போன மாதம் பேட்டரித் தண்ணீர் பாட்டிலோடு நின்றவரிடம், "வெள்ளிக்கெழமயும் அதுவுமா கொறையா ஊத்தாதீங்க மாப்ள, கொடம் மாதிரி நெறைய ஊத்துங்க" என்றது நான்தான்.

"நாந்தாண்ணே, கவனிக்காம ஊத்திட்டேன்" என்றார் மருமகன். என் பக்கம் திரும்பவே இல்லை.

மெக்கானிக் அதிகப்படித் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். வயர்களை மாட்டி, முனைகளில் கிரீஸ் தடவினார். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. அவர் போன பிறகு கார் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"நாந்தான் ஊத்தச் சொன்னேன்னு சொல்லிருக்கலாமில்ல மாப்ள?"

"நீங்க என்னைய ஆயிரம் சொல்லலாம் அத்தே. உங்கள ஊரான் ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

பதிலுக்கு ஒரு கேலி தேடினேன். கிடைப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.